முன் பிரேக்கைக் கழற்றிப் பார்க்காமல் ‘ஓகே’ போடாதீர்கள்: கடலூர், புதுச்சேரி சர்வீஸ் சென்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூரிலும் புதுச்சேரியிலும் இரு சக்கர வாகன சர்வீஸ் சென்டர் நடத்தும் உரிமையாளர்களுக்கும், உங்களுக்கு டீலர்ஷிப் கொடுத்திருக்கும் கம்பெனிகளின் சர்வீஸ் பிரிவு அதிகாரிகளுக்கும்,

போன வாரம் உங்களில் ஒருவரிடமிருந்து எனக்கு எழுத்தில் பதில் வந்தது. என் மகனுடைய வண்டியின் முன் பிரேக்கைச் சோதித்ததில் குறை எதுவும் தென்படவில்லை என்றும், பிரேக் ஆயில் மாற்றுவது வாடிக்கையாளர் கேட்டால் மட்டும் செய்கிற வேலை என்றும் அதில் இருக்கிறது. அந்த முன் பிரேக் பிடிக்காமல் ரோட்டில் விழுந்த மகன் தோளில் பட்டை கட்டிக்கொண்டு வீட்டில் கிடக்கிறான். இடது காரை எலும்பு முறிந்திருக்கிறது. அந்தப் பதிலை வாங்கி ஃபைலில் போட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

சென்டரின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. பதில் வந்த பிறகு தெருவிலும் சொந்தக்காரர்களிடமும் விசாரித்தேன். வேறு வேறு கம்பெனி வண்டிகள், வேறு வேறு சென்டர்கள். பில்லை எடுத்துக் காட்டச் சொன்னேன். இரண்டு வருஷம் தாண்டிய வண்டிகளில் ஒன்றின் பில்லில்கூட பிரேக் ஆயில் என்ற வரி இல்லை. ஆகவே இது ஒரு கடையோடு முடிகிற விஷயம் அல்ல. உங்கள் எல்லோரையும் சேர்த்தே கேட்கிறேன்.

நான் சிப்காட்டில் ஓர் ஆலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஹைட்ராலிக் பிரஸ், பம்ப், வால்வு, சீல் இவற்றோடுதான் என் வேலைக்காலம் போனது. மோட்டார் சைக்கிள் மெக்கானிக் இல்லை. ஆனால் எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற ஒரு சிலிண்டர் எப்படி வேலை செய்யும், எப்படிக் கெடும் என்பது எனக்குத் தெரியும். உங்கள் வண்டியின் டிஸ்க் பிரேக்கும் அதே ஜாதிதான்.

நடந்ததைச் சொல்கிறேன். வண்டி 150 சிசி, வாங்கி நான்கு வருஷம் ஆகிறது. ஃப்ரீ சர்வீஸ், பெய்டு சர்வீஸ் எல்லாமே ஒரே சென்டரில். பில்கள் அத்தனையும் கையில் இருக்கின்றன. கடைசி சர்வீஸுக்கு விட்டபோது மகன் இரண்டு குறை சொன்னான். முன் பிரேக் லிவரைப் பிடித்தால் மெத்தென்று உள்ளே போகிறது. வண்டியைத் தள்ளினால் இறுக்கமாக இருக்கிறது, மைலேஜும் குறைந்துவிட்டது. இரண்டையும் உங்கள் சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டில் தன் கைப்பட எழுதிக்கொண்டார். சாயங்காலம் டெலிவரி. இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், செயின் கிளீனிங், வாட்டர் வாஷ், லேபர் என்று பில் வந்தது. செக் லிஸ்ட்டில் பிரேக் என்ற வரிக்கு நேராக ஒரு டிக், பக்கத்தில் ‘ஓகே’. வண்டி ஏன் இறுகுகிறது என்று கேட்டதற்கு, செயினைத் தளர்த்தி விட்டிருக்கிறோம், சரியாகிவிடும் என்றார்கள்.

அவனுக்கு வேலை புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில். தினமும் ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் வழியாகப் போய்வருகிறவன். சர்வீஸ் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அன்று காலையில் கிருமாம்பாக்கம் தாண்டியதும் ஏதோ கருகுகிற வாடை அடித்திருக்கிறது. முன்னால் போன லாரியில் இருந்து வருகிறது என்று நினைத்திருக்கிறான். தவளக்குப்பம் நெருங்கும்போது முன்னால் போன பஸ், ஆள் இறக்குவதற்காகச் சட்டென்று நின்றது. அந்த ரோட்டில் பஸ் எப்படி ஓடும், எப்படி நிற்கும் என்பது உங்களுக்கும் தெரியும். இவன் லிவரைப் பிடித்தான். லிவர் நேராக வந்து ஹேண்டில் கிரிப்பில் இடித்தது. விட்டுவிட்டு மறுபடி பிடித்தான், அப்போதும் அதேதான். பின் பிரேக்கை அழுத்தி மிதித்ததில் பின் சக்கரம் லாக் ஆகி வண்டி பக்கவாட்டில் இழுத்தது. பஸ்ஸில் மோதாமல் இடது பக்கம் மண்ணில் இறக்கிவிட்டான், அங்கேயே விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான். பின்னால் வந்த கார்க்காரர் நிறுத்திவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மகனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். வண்டி டீக்கடை ஓரத்தில் நின்றது. முன் சக்கரத்தில் இருந்து புகை வந்தது என்றும், ஜக்கில் தண்ணீர் எடுத்து ஊற்றியபோது டிஸ்க் ‘சொய்’யென்று பொங்கியது என்றும் கடைக்காரர் சொன்னார். நான் டிஸ்க்கைப் பார்த்தேன். பளபளவென்று இருக்க வேண்டிய இரும்பு நீலம் பாரித்திருந்தது. லிவரைப் பிடித்துப் பார்த்தேன். கெட்டியாக நின்றது. எந்தக் குறையும் இல்லாத பிரேக் போலவே இருந்தது.

உங்கள் சென்டரிலும் அதைத்தான் பார்த்திருக்கிறீர்கள். குட்டியானையில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டோம். ஒரு பையன் யார்டுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டினான், பிரேக் பிடித்தான், வண்டி நின்றது. “பிரேக் நல்லாத்தான் இருக்கு சார்” என்றார்கள். ஆறிப்போன பிரேக் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு வருவது சூட்டில். அதை எழுதியும் கொடுத்தேன், வாயாலும் சொன்னேன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிபரைக் கழற்றிப் பாருங்கள் என்று கேட்டேன். கழற்றவில்லை.

அதனால் முதுநகரில் ஒரு சின்னப் பட்டறைக்குக் கொண்டுபோய் என் கண் முன்னால் கழற்ற வைத்தேன். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் கால் சுற்றுகூடப் போகாமல் நின்றது. மெக்கானிக் காலிபரின் இரண்டு போல்ட்டையும் எடுத்தார். காலிபர் இப்படியும் அப்படியும் நழுவுவதற்காக கம்பி போல இரண்டு பின் இருக்கும் அல்லவா, அதில் ஒன்று சுத்தமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ரஸ்ட் ஆயில் அடித்து, ஊறவிட்டு, சுத்தியலால் தட்டித்தான் வெளியே வந்தது. அதன் ரப்பர் உறை கிழிந்திருந்தது. உள்ளே கிரீஸ் என்று சொல்ல ஒன்றும் இல்லை, துருத் தூள்தான். பிஸ்டனின் வெளி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்து, அதன் அடியில் குழிகுழியாக அரித்திருந்தது. டிஸ்க்கின் இரு பக்கமும் அழுத்துகிற இரண்டு பேடும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்றில் மெட்டல் தட்டு வரைக்கும் வந்துவிட்டது, மற்றதில் பாதி மிச்சம். கடைசியாக பிளீடர் நிப்பிளில் ட்யூப் மாட்டி ஆயிலை எடுத்தார். புது ஆயில் வெளிர் மஞ்சளாகத் தெளிவாக இருக்கும். வந்தது ஆறிப்போன டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

அந்தப் பின், கிழிந்த ரப்பர், இரண்டு பேடு, பாட்டிலில் எடுத்த ஆயில், எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வீடியோவும் இருக்கிறது. இவற்றின் படங்களை இணைத்து அனுப்பிய கடிதத்துக்குத்தான் ‘குறை எதுவும் தென்படவில்லை’ என்ற பதில் வந்தது.

இது எப்படி நடந்தது என்பது உங்கள் டெக்னீஷியன்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆனாலும் வண்டி வைத்திருக்கிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். லிவரைப் பிடித்தால் ஆயில் அழுத்தி பிஸ்டனை வெளியே தள்ளும், பேடு டிஸ்க்கைக் கவ்வும். லிவரை விட்டதும் பிஸ்டனைப் பின்னால் இழுக்க அங்கே ஸ்பிரிங் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றி இருக்கிற ரப்பர் சீல்தான் கொஞ்சமாக முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பி, மயிரிழை அளவுக்குப் பிஸ்டனை உள்ளே இழுக்கும். அந்த மயிரிழை இடைவெளிதான் சக்கரத்தைச் சுலபமாக ஓட விடுகிறது. காலிபரின் பின் துருப்பிடித்து, பிஸ்டன் அரித்து, சீல் இருக்கிற பள்ளத்தில் அழுக்கு சேர்ந்தால் அந்த இடைவெளி இருக்காது. பேடு டிஸ்க்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வரும். வண்டி இறுக்கமாக இருக்கிறது, மைலேஜ் குறைகிறது என்று மகன் சொன்னது இதைத்தான். அவன் சொன்ன குறையிலேயே விடை இருந்தது. செயினைத் தளர்த்தி அனுப்பினீர்கள்.

தேய்ந்துகொண்டே ஓடினால் சூடு ஏறும். அந்தச் சூடு பிஸ்டன் வழியாக ஆயிலுக்குப் போகும். டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக் கணக்கு. ஆனால் இந்த ஆயிலுக்கு ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. மூடி வழியாகவும், ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் காற்றில் உள்ள ஈரம் சிறிது சிறிதாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வண்டி ஓடினாலும் போகும், நிறுத்தி வைத்திருந்தாலும் போகும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே போதும், கொதிநிலை 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். டாட் 3 என்றால் இன்னும் மோசம், 205-ல் தொடங்கி 140-க்கு வரும். கொதித்தால் ஹோஸுக்குள்ளும் காலிபருக்குள்ளும் ஆவிக் குமிழி உண்டாகும். எண்ணெய் அமுங்காது, ஆவி அமுங்கும். அப்புறம் லிவரை எவ்வளவு பிடித்தாலும் ஆவிதான் அமுங்கும், பேடுக்கு அழுத்தம் போய்ச் சேராது. சூடு ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், லிவர் பழையபடி கெட்டியாகும். டீக்கடை ஓரத்தில் நான் பிடித்துப் பார்த்தபோதும், உங்கள் யார்டில் பையன் ஓட்டிப் பார்த்தபோதும் நடந்தது அதுதான்.

“வண்டில ஏபிஎஸ் இருக்கே சார், எப்படி பிரேக் போகும்?” என்று அட்வைசர் கேட்டார். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டி எல்லாவற்றிலும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். நல்ல சட்டம், அதனால் பிழைத்தவர்கள் நிறைய இருப்பார்கள். ஆனால் ஏபிஎஸ் செய்வது, இருக்கிற அழுத்தத்தை விட்டுவிட்டுக் கொடுத்து சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்வது. அழுத்தமே இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. அதிலும் இந்த வண்டியில் இருப்பது சிங்கிள் சேனல், முன் சக்கரத்துக்கு மட்டும். முன் பிரேக் போனதும் மகனுக்கு மிச்சம் இருந்தது ஏபிஎஸ் இல்லாத பின் பிரேக். அது லாக் ஆகி வழுக்கியது.

அதே அட்வைசர் இன்னொன்றும் சொன்னார்: “முன் பிரேக்கை அதிகம் யூஸ் பண்ணாம ஓட்டச் சொல்லுங்க சார்.” எனக்கு எல்லாவற்றையும் விடக் கோபம் வந்தது இதற்குத்தான். முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய் என்று நம் ஊரில் அப்பாக்களும் அண்ணன்களும் சொல்லிச் சொல்லியே பாதிப் பேர் முன் பிரேக்கைத் தொடுவதில்லை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன் சக்கரத்துக்குப் போகிறது, பின் சக்கரம் லேசாகிறது. அவசரத்தில் வண்டியை நிறுத்துகிற சக்தியில் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவன் எத்தனை மீட்டர் தாண்டிப் போய் நிற்பான் என்பதை உங்கள் டிரெயினிங் சென்டரிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கம்பெனி சட்டை போட்ட ஒருவர் வாயில் இருந்து இந்த அறிவுரை வரக் கூடாது. பழுதுபார்க்காத பிரேக்கைப் பயன்படுத்தாமல் இருக்கச் சொல்வது ஒரு பரிகாரமா?

கடல் காற்று என்பது நான் கேட்ட இன்னொரு சமாதானம். “இது கடலோரம் சார், துரு பிடிக்கத்தான் செய்யும்.” உண்மைதான். தேவனாம்பட்டினத்திலும் முதுநகரிலும் ஜன்னல் கம்பியே நிற்காது. துறைமுகம் பக்கம் மீன் ஏற்றுகிற வண்டிகளைப் பார்த்தால் மட்கார்டு அரித்துப் போயிருக்கும். ஆனால் நீங்கள் கடை வைத்திருப்பதும் இதே கடலோரத்தில்தான். கோயம்புத்தூரில் ஓடுகிற வண்டிக்கும் இங்கே ஓடுகிற வண்டிக்கும் ஒரே செக் லிஸ்ட் எப்படிப் போதும்? உப்புக் காற்று இருக்கிற ஊரில் காலிபர் பின்னைக் கழற்றித் துடைத்து கிரீஸ் வைப்பது கூடுதல் வேலை அல்ல, அடிப்படை வேலை. கடல் காற்றைக் காரணம் காட்டுகிறவர்கள்தான் அதற்கு ஏற்ற சர்வீஸையும் செய்ய வேண்டும்.

வெள்ளம் வேறு. 2015 மழையிலும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை பெருகி வந்தபோதும் எத்தனை வண்டிகள் ஹேண்டில் பார் வரை தண்ணீரில் நின்றன என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் வாசலில்தான் வரிசை கட்டி நின்றன. இன்ஜின் ஆயில் மாற்றினீர்கள், ஏர் ஃபில்டர் மாற்றினீர்கள், பிளக் துடைத்து ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தீர்கள். அந்த நெருக்கடியில் நீங்கள் உழைத்ததை நான் மதிக்கிறேன். சேற்றுத் தண்ணீரில் முழுகிய காலிபர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தீர்களா? பிரேக் ஆயில் மாற்றினீர்களா? எங்கள் தெருவில் அப்படி முழுகி எழுந்த வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றின் பில்களையும் பார்த்தேன். இல்லை.

வாடிக்கையாளர் கேட்டால் மட்டும் மாற்றுவோம் என்கிறீர்கள். வண்டியோடு நீங்கள் கொடுத்த கையேட்டைப் பிரித்துப் பாருங்கள். பராமரிப்பு அட்டவணையில், இந்த வண்டிக்கு, பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று இருக்கிறது. கேட்டால் மாற்று என்று இல்லை. அட்டவணைப்படி சர்வீஸ் செய்வதற்குத்தான் ஆதரைஸ்டு சென்டர் என்று போர்டு வைத்திருக்கிறீர்கள், வெளியில் பார்த்தால் வாரண்டி போய்விடும் என்று சொல்கிறீர்கள். இன்ஜின் ஆயில் மாற்றட்டுமா என்று எந்த வாடிக்கையாளரிடமும் நீங்கள் கேட்பதில்லை, கிலோமீட்டரைப் பார்த்து மாற்றிவிடுகிறீர்கள். வண்டியை ஓட வைக்கிற ஆயிலுக்கு இருக்கிற மரியாதை அதை நிறுத்துகிற ஆயிலுக்கும் வேண்டும். செலவும் பெரிதல்ல. ஆயிலும் கூலியும் சேர்த்துச் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. முன்கூட்டியே சொன்னால் வேண்டாம் என்று எந்தத் தகப்பன் சொல்வான்?

இதில் நான் மெக்கானிக் பையன்களைக் குறை சொல்லவில்லை. ஐடிஐ முடித்துவிட்டு வந்த பிள்ளைகள், பிடித்துச் செய்யவிட்டால் நன்றாகச் செய்வார்கள். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி டெலிவரி ஆக வேண்டும் என்று நீங்கள் கணக்கு வைத்தால், காலிபரைக் கழற்றுகிற நேரம் எங்கே கிடைக்கும்? வாட்டர் வாஷ் கட்டாயமாக நடக்கிறது, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியும். ஹை பிரஷர் தண்ணீரை நேராகக் காலிபர் மேலேயே அடிக்கிறார்கள், கிழிந்த ரப்பருக்குள் தண்ணீர் போவதும் அப்போதுதான். ஆலையில் நான் வேலை பார்த்த காலத்தில், வால்வைத் திறந்து பார்க்காமல் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே மெமோ வரும். அந்தக் கையெழுத்தை நம்பி அடுத்த ஷிப்ட்காரன் உள்ளே இறங்குவான் என்பதுதான் காரணம். உங்கள் டிக்கை நம்பித்தான் என் மகன் ரோட்டில் இறங்கினான்.

இன்னொன்றும் யோசியுங்கள். சொந்த உபயோக மோட்டார் சைக்கிளுக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். லாரி, பஸ், ஆட்டோ போல நடுவில் எஃப்.சி. கிடையாது. ஷோரூமில் இருந்து வெளியே வந்த நாள் முதல் அந்த 15 ஆண்டும் எந்த அரசு அதிகாரியும் அந்த பிரேக்கைப் பரிசோதிக்கப் போவதில்லை. அதைத் திறந்து பார்க்கும் பொறுப்பும் அறிவும் கருவியும் உள்ளவர்கள் நீங்கள் மட்டும்தான். நீங்கள் பார்க்காவிட்டால் யாரும் பார்க்கவில்லை.

தெருவோரப் பட்டறைகளிலும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. மாதக்கணக்கில் திறந்து கிடந்த டப்பாவில் இருந்து ஆயில் ஊற்றுகிறார்கள், பின்னுக்குச் சாதாரண கிரீஸைத் தடவி ரப்பரை ஊதவிடுகிறார்கள், டீசல் துணியால் டிஸ்க்கைத் துடைக்கிறார்கள். லிவர் பக்கத்தில் பிரேக் ஆயில் ஊற்றுகிற மாஸ்டர் சிலிண்டரின் மூடியிலேயே, திறக்கும் முன் துடை, சீல் உடைக்காத டப்பாவில் இருந்து மட்டும் ஊற்று என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. படித்துச் சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை. உங்களுக்குக் கம்பெனி டிரெயினிங் இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் கூடுதலாக எதிர்பார்க்கிறேன்.

எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

செக் லிஸ்ட்டில் ‘பிரேக்: ஓகே’ என்ற ஒற்றை வரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, பேடு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது, டிஸ்க் கனம் என்ன, ஆயில் என்ன நிறம், கடைசியாக மாற்றிய தேதி எது, சக்கரம் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றுகிறதா, இவற்றை எழுத இடம் விடுங்கள். பார்த்தவர் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். குறைந்தபட்ச கனம் டிஸ்க்கிலேயே அச்சடித்திருக்கிறது. அதை அளக்க, வண்டியை நிறுத்தி வேலை பார்க்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு வெர்னியர் அளவுகோல் வையுங்கள். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டதற்கு எனக்கு இன்னும் பதில் இல்லை.

பிரேக் ஆயிலைத் தேதி கணக்கில், கையேட்டில் சொன்னபடி மாற்றுங்கள். வண்டி குறைவாக ஓடியிருந்தாலும் மாற்றுங்கள். சர்வீஸுக்கு எடுக்கும்போதே வாடிக்கையாளரிடம் தொகையைச் சொல்லி, வேண்டாம் என்றால் அதையும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றிய தேதியை மாஸ்டர் சிலிண்டர் பக்கத்தில் சின்ன ஸ்டிக்கராக ஒட்டுங்கள். புது டப்பாவை அவர் கண் முன்னால் உடையுங்கள். கழற்றிய பழைய பேடைக் கேட்காமலேயே அவர் கையில் கொடுங்கள்.

கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக்கு என்று தனியாக, வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்த ஜனவரியில் காலிபரைக் கழற்றி, பின்னைத் துடைத்து, அதற்கென்று உள்ள சிலிகான் கிரீஸ் வைத்து, ரப்பர் உறைகளைப் பார்க்கிற வேலையைச் சர்வீஸில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் முழுகிய வண்டிகளை இந்த வருஷமே கூப்பிட்டுப் பாருங்கள். உங்களிடம் எல்லோருடைய போன் நம்பரும் இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் மேளாவுக்கு அழைக்கிற அதே நம்பர்தான்.

லிவர் மெத்தென்று இருக்கிறது, வண்டி இறுகுகிறது, கருகல் வாடை வருகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால், காலிபரைக் கழற்றிப் பார்க்காமல் வண்டியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். முன் பிரேக்கைப் பயன்படுத்த வேண்டாம் என்று எந்த ஊழியரும் இனிச் சொல்லக் கூடாது.

கம்பெனி அதிகாரிகளுக்குத் தனியாக ஒன்று: கையேட்டில் பிரேக் பராமரிப்புப் பக்கங்களையாவது தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் விற்கிற வண்டி, ஓட்டுகிறவன் படிக்க முடியாத புத்தகத்தோடு வரக் கூடாது. இதே மாடல் காலிபரில் வேறு கடலோர ஊர்களிலும் இப்படிப் புகார் வந்திருக்கிறதா என்று உங்கள் பதிவுகளைப் பாருங்கள். வந்திருந்தால் வெளியே சொல்லுங்கள். குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிட 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவே இருக்கிறது. அரசு உத்தரவிடும் வரை காத்திருக்காதீர்கள்.

எனக்குப் பதில் எழுதிய சென்டருக்கு: அந்தக் கடைசி சர்வீஸின் ஜாப் கார்டு நகலையும், பிரேக் வரியில் டிக் போடும் முன் என்ன வேலை செய்யப்பட்டது என்ற விவரத்தையும் எழுத்தில் கொடுங்கள். நான் வைத்திருக்கிற பாகங்களை, கம்பெனி இன்ஜினீயர் ஒருவர் என் முன்னிலையில் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். மகனின் மருத்துவச் செலவையும் வண்டிச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இந்த மடல் வெளியாகும் நாளில் இருந்து 30 நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு என்று கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இதே நிலையில் இருக்கிற மற்றவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, தங்கள் பில்களை எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மெயின்டனன்ஸ் ஃபிட்டர்,
கடலூர் முதுநகர்